விஷத்தைக் காட்டிக் கொடுப்பது பாவமா?



2024-ம் ஆண்டு சம்பா நடவு நாட்களில் ஒரு சாயங்காலம், ஜெபமாலை முடிந்து விளக்கை அமர்த்தும் வேளையில், ஒரு தாய் என்னைத் தேடி வந்தாள். நடவிலிருந்து நேராக வந்திருந்தாள். காலில் சேறு காயவில்லை. கோவிலுக்குள் வராமல் வாசற்படி ஓரமாகவே நின்றுகொண்டு சொன்னாள்:

"சாமி, கள்ளக்குறிச்சிச் சாவைக் கேட்டதிலேருந்து எனக்குத் தூக்கமில்லை. எங்க வீட்டுக்காரரு ஆத்தோரம் போயி பாக்கெட்டுச் சாராயம் குடிக்கிறாரு. விடச் சொல்லிப் பூண்டி மாதாவுக்குப் பொருத்தனையும் வச்சாச்சு. கேக்கலை. அதுல என்னத்தைக் கலந்திருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்? கடைச் சரக்கா நானே வாங்கி வீட்டுல வச்சிக் குடுத்துடலாமான்னு தோணுது. அது பாவமா சாமி?"

நான் யோசிக்கவில்லை. "கூடாது அம்மா. பாவத்துக்கு நீ உடந்தையாகக் கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சரியான பதில் சொல்லிவிட்டதாகவே நினைத்தேன். அது முழுப் பதில் அல்ல என்பது பின்னரே எனக்கு விளங்கிற்று. அதைத்தான் இந்த வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

கள்ளக்குறிச்சியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2024 ஜூன் மாதத்தில், அந்நகரின் கருணாபுரம் பகுதியிலும் அதைச் சுற்றியும் கள்ளச்சாராயம் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதத்தில், மரக்காணம் பக்கத்திலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் இவ்வாறே மாண்டிருந்தனர். கொன்றது மெத்தனால் என்னும் தொழிற்சாலைச் சாராயம். சாயமும் பிசினும் கரைக்கப் பயன்படும் சரக்கு அது. குடிக்கும் சாராயத்துக்கும் இதற்கும் நிறத்தில் வேற்றுமை இல்லை. நாவுக்கும் மூக்குக்கும் அநேகமாகப் பிடிபடாது. நெருப்பில் கொளுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று சிலர் சொல்லுவார்கள். அதை நம்ப வேண்டாம். இரண்டும் நீலமாகவே எரியும்.

குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. போதை ஏறும், இறங்கும். அரை நாள், சில வேளை ஒரு நாள் கழிந்த பிறகே உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண்ணின் நரம்பையும் பிறகு உயிரையும் பிடிக்கும். இரண்டு தேக்கரண்டி அளவே சிலருக்குப் பார்வையைப் போக்கிவிடும். ஆனால் காலத்தில் மருத்துவமனை சேர்ந்தால் மாற்று மருந்து உண்டு, இரத்தச் சுத்திகரிப்பு உண்டு. பிழைக்க வழி இருக்கிறது. காலம் தாழ்ந்தால் இல்லை.

அந்தத் தாய் வந்துபோன பத்துப் பன்னிரண்டு நாளில், அவள் கணவன் ஓர் இரவு ஓயாமல் வாந்தி எடுத்திருக்கிறான். விடியும் வரை அவன் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாளாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. அயலாரையும் எழுப்பவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். "போலீசுக்கும் பயம் சாமி, உங்களுக்கும் பயம்" என்றாள். அன்று நேர்ந்தது அளவுமீறிக் குடித்ததன் விளைவே; விஷம் அல்ல. அவன் பிழைத்தான். ஆனால் அது விஷமாக இருந்திருந்தால், அந்த இரவை வீணாக்கியதில் என் பங்கு எவ்வளவு? இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

இதே கேள்வி இன்று உலகின் வேறு பகுதிகளில் சட்ட மன்றங்களையும் சபைகளையும் கலக்கி வருகிறது. அமெரிக்க நாட்டில் ஃபெண்டனில் என்று ஒரு மருந்து உண்டு. அறுவை மருத்துவத்தில் வலியைத் தணிக்க நல்ல மருந்துதான். கள்ளச் சந்தையாரோ அதை மற்றப் போதைத் தூள்களிலும் போலி மாத்திரைகளிலும் கலந்து விற்கிறார்கள். இரண்டு மில்லிகிராம் உயிரைப் பறிக்கக்கூடும் என்கிறார்கள். நம் வயலில் விளையும் ஒரு நெல்மணி ஏறக்குறைய இருபது மில்லிகிராம் எடை இருக்கும். அந்த ஒரு மணியைப் பத்தாகக் கூறிட்டால் அதில் ஒரு கூறு! 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேலானோர் அந்நாட்டில் போதை மருந்து மிகுதியால் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோரின் சாவில் இந்த வகை மருந்துக்குப் பங்கு இருந்தது. தாம் உட்கொள்வது இன்னதென்றே அறியாமல் இறந்தவர்கள் அவர்களில் பலர்.

இதைக் கண்டறிய ஒரு சிறு காகிதப் பட்டை வந்திருக்கிறது. தூளில் சிறிது நீரில் கரைத்து அப்பட்டையை நனைத்தால், சில நிமிஷங்களில் கோடு விழும். ஒரே கோடு என்றால் ஃபெண்டனில் இருக்கிறது. இரண்டு கோடு என்றால் பட்டைக்குத் தெரிந்தவரை இல்லை. அவ்வளவுதான் அதன் வேலை.

ஆனால் அந்தப் பட்டையைக் கையில் வைத்திருப்பதே அந்நாட்டின் பல மாநிலங்களில் குற்றமாக இருந்தது. 1979-ல் போதைக்கு உதவும் கருவிகளைத் தடுக்க அங்கே ஒரு மாதிரிச் சட்டம் வரைந்தார்கள். புகைக் குழாய், தராசு முதலியவற்றோடு, போதைப் பொருளைச் சோதிக்கும் கருவியையும் அதில் சேர்த்தார்கள். அந்நாளில் அதற்கு நியாயம் இருந்தது: சரக்கின் தரத்தைச் சோதித்துப் பார்ப்பவன் வியாபாரியாக இருக்கக்கூடும் அல்லவா? நாற்பது ஆண்டு கழித்து, விஷத்துக்கு அஞ்சிச் சோதிப்பவனையும் அதே வலை பிடித்தது. 2021-ல் மத்திய அரசின் பணத்திலேயே இப்பட்டைகளை வாங்கலாம் என்று அங்கே அறிவித்தார்கள். அதன் பின் மாநிலம் மாநிலமாகச் சட்டத்தைத் திருத்தி, பெரும்பாலான மாநிலங்கள் பட்டைக்கு விலக்கு அளித்துவிட்டன.

நம் நாட்டில் நிலைமை என்ன? போதை மருந்துகளுக்கு 1985-ம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. சாராயத்துக்கு, 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கி வைத்த அதே சட்டம், பலமுறை திருத்தப்பட்டு இன்றும் இருக்கிறது. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024-ல், உயிர்ச்சேதம் விளைவிக்கும் கள்ளச்சாராயக்காரனுக்கு ஆயுள் தண்டனை வரை அதில் விதித்தார்கள். அது நியாயமே. ஆனால் கள்ளச்சாராயமானாலும் போதைத் தூளானாலும், கையில் வைத்திருப்பதே குற்றம். ஒருவன் மனம் பயந்து, "இதில் விஷம் உண்டா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கொண்டுவந்தால், கொண்டுவரும்போதே அவன் தன் குற்றத்துக்குத் தானே சாட்சி ஆகிறான். வாங்கிச் சோதிக்கிறவர் கைக்கும் அந்தச் சரக்கு மாறுகிறது. இருவரும் அஞ்ச வேண்டியதுதான்.

எனினும் நம் சட்டமும் இரக்கம் அறியாதது அல்ல. போதைக்கு அடிமையானவன் தானாக முன்வந்து சிகிச்சை கேட்டால், உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ அவன்மீது வழக்கு நடத்தாமல் விடுவதற்கு 1985-ம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஏ பிரிவு இடம் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தச் சலுகை போய்விடும். எய்ட்ஸ் நோய்க் கிருமி பற்றிய 2017-ம் ஆண்டுச் சட்டத்தின் 22-ம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கமுள்ளவர்களுக்கு, அரசின் வழிமுறைப்படி சுத்தமான ஊசி கொடுப்பது குற்றமாகாது என்று தெளிவாகவே காப்பளிக்கிறது. ஆனால் அந்தக் காப்பு எய்ட்ஸ் கிருமியைத் தடுப்பதற்கு மட்டுமே. விஷத்தைச் சோதிப்பதற்கு அப்படி ஒரு வாசகம் இல்லை.

சட்டம் இருக்கட்டும். மனச்சாட்சி என்ன சொல்கிறது? நம் பக்கத்து விஷயம் ஒன்றை வைத்தே பார்ப்போம்.

முறைத்தண்ணீர் விடும் காலம். ஒருவன் நள்ளிரவில் அயலான் மடையைத் திருட்டுத்தனமாய்த் திறக்கப் புறப்படுகிறான். வழியில் மூன்று பேரைச் சந்திக்கிறான். முதல்வன் தன் மண்வெட்டியை எடுத்துக் கொடுக்கிறான். இரண்டாமவன், "போகாதே, போகிற வரப்பில் கண்ணாடி விரியன் கிடக்கிறது, நான் பார்த்தேன்" என்கிறான். மூன்றாமவன், பாம்பு தீண்டி அவன் கீழே விழுந்த பிறகு, தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறான்.

மூன்றாமவன் செய்தது பிறர்சிநேகம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. குற்றுயிராய் வழியில் கிடந்தவனிடம், நீ எந்தக் காரியமாய் இந்தப் பாதையில் வந்தாய் என்று நல்ல சமாரியன் விசாரித்ததாக நாம் படிக்கவில்லை. முதல்வன் செய்தது உடந்தை என்பதிலும் சந்தேகம் குறைவு. நடுவில் நிற்பவன்தான் நம் கேள்வி. பாம்பு இருக்கிறது என்று சொன்னதால் அவன் திருட்டுக்குத் துணை போனானா?

இல்லை என்பதே என் சிற்றறிவுக்கு எட்டிய விடை. அவன் சொல்லைக் கேட்டு இவன் வீடு திரும்பினால், உயிரும் தப்பிற்று, திருட்டும் நின்றது. வேறு வரப்பைச் சுற்றிப் போய் மடையைத் திறந்தால், அந்தத் திருட்டு இவனுடையது. எச்சரித்தவன் மடையைத் திறக்க விரும்பவில்லை, திறக்கக் கருவி தரவுமில்லை. இருக்கிற ஒரு மெய்யைச் சொன்னான், அவ்வளவே. "திருடன்தானே, பாம்பு கடித்தால் புத்தி வரும்" என்று அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன? தண்ணீர்த் திருட்டுக்கு ஊரார் அபராதம் போடலாம். மரண தண்டனை போடுவதில்லை. ஊரும் சட்டமும் விதிக்காத தண்டனையைப் பாம்பு நிறைவேற்றட்டும் என்று விட்டுவிட நமக்கு அதிகாரம் தந்தவர் யார்? குடிகாரனுக்கும் அவ்வாறே. குடிவெறி பாவம்தான். அதற்காகக் குருடாகிச் சாவதைக் கூலியாக வைக்க நாம் யார்?

நமது வேதசாஸ்திரிகள், முக்கியமாய் அர்ச். அல்போன்சு லிகோரி, இவ்விஷயத்தில் நுட்பமாகப் பகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். பாவம் செய்பவனோடு மனமொத்து, அவன் பாவத்தையே நாமும் விரும்பித் துணை செய்வது ஒருபோதும் ஆகாது. மனம் ஒவ்வாமல், வேறொரு நன்மைக்காக நாம் செய்யும் காரியத்தை அவன் தன் பாவத்துக்குப் பயன்படுத்திக்கொண்டால், அந்த நன்மை எவ்வளவு பெரிது, நம் செயல் பாவத்துக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது, வேறு வழி உண்டா, பிறருக்குத் துர்மாதிரிகை ஆகுமா என்பவற்றையெல்லாம் நிறுத்துப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தத் தாய்க்கு நான் பதில் சொன்னபோது இப்படி எதையும் நிறுத்துப் பார்க்கவில்லை என்பதே என் தவறு.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் மறைக்க மாட்டேன். 1999-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், போதை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்புள்ள ஓர் இடத்தை நடத்த நம் கன்னியர் சபை ஒன்று முன்வந்தது. உரோமாபுரி அதற்கு இணங்காததால் கன்னியர்கள் விலகிக்கொண்டனர். 2001-ல் வேறொரு கிறிஸ்தவ சபை அதைத் திறந்தது. 2014-ல், போதைப் பொருள் தடுப்பு அதிகாரிகளின் மாநாட்டில் பேசிய மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ், போதை எந்த வடிவில் வந்தாலும் அதை மறுக்க வேண்டுமென்றும், அதற்குச் சலுகை காட்டுவதால் தீமை தீராதென்றும் அழுத்தமாகக் கூறினார். இவை லேசான வார்த்தைகள் அல்ல. ஆயினும் ஒரு வேற்றுமையைக் கவனியுங்கள். செயலைச் செய்ய இடம் கொடுப்பது வேறு; செய்யப் போகிறவனிடம் அதில் என்ன இருக்கிறது என்று சொல்வது வேறு. பின்னது மண்வெட்டிக்காரனை விட, விரியனைச் சொன்னவனுக்கே நெருக்கம்.

"சாமி, விஷ பயம் ஒன்றுதான் சிலரைத் தடுத்து வைத்திருக்கிறது, அதையும் எடுத்துவிட்டால் துணிந்து குடிப்பார்களே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் 2023-ல் மரக்காணத்துச் சாவைத் தமிழ்நாடு முழுவதும் கேட்டது. பயம் குடியை நிறுத்துமானால், 2024-ல் கள்ளக்குறிச்சி நடந்திருக்கக் கூடாது. சாவுக்கு அஞ்சி விட முடியாத நிலைக்குத்தானே அடிமைத்தனம் என்று பெயர்? ஆனால் இன்னும் தொடாத வாலிபர் விஷயத்தில் பெரியவர் சொல்வதில் உண்மை உண்டு. ஆகையால் இத்தகைய சோதனைக் கருவிகளைப் பெட்டிக் கடையில் ஷாம்பு பாக்கெட் போலத் தொங்கவிடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அடிமைப்பட்டவர்களிடையே வேலை செய்யும் மருத்துவர், தாதியர், தொண்டர் கையில் அவை இருக்கட்டும். காகிதம் தனியாகப் போக வேண்டாம். "இதை விட்டுவிடு, உனக்கு வழி இருக்கிறது" என்று சொல்லும் ஒரு மனிதனும் கூடப் போகட்டும்.

இன்னொன்றும் உண்டு. சோதித்துப் பார்த்து "விஷம் இல்லை" என்று சொல்வது, "நீ தாராளமாய்ப் போகலாம்" என்று அவன் காதில் விழக்கூடும். விளக்கு அடித்துப் பார்த்தவன் அந்த ஒரு வரப்பைத்தான் பார்த்தான். அடுத்த வரப்பைப் பார்க்கவில்லை. பட்டையும் அப்படியே: விஷம் எவ்வளவு என்று அது சொல்லாது, தூளின் ஒரு மூலையில் இருப்பது மறு மூலையில் இருக்க வேண்டியதில்லை, அதன் உறவுமுறை மருந்துகள் சில அதற்குத் தப்பிவிடும். எனவே சோதிப்பவர் சொல்ல வேண்டியது, "நான் தேடியது நான் எடுத்த துளியில் தெரியவில்லை, மற்றதற்கு நான் பொறுப்பல்ல, நீ தொடாமல் இருப்பதே நல்லது" என்பதுதான். மெய்யைப் பாதியில் நிறுத்தினால் அதுவே பொய்யாகிவிடும்.

சட்டம் எங்கே நிற்க வேண்டும்? மனிதச் சட்டம் எல்லாத் துர்க்குணங்களையும் தண்டிக்க முயல வேண்டியதில்லை என்று அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் தெளிவாகக் கற்பிக்கிறார். முதலில் தடுக்க வேண்டியது, பிறருக்குக் கேடு செய்வதை. காய்ச்சுபவன், மெத்தனால் கடத்துபவன், கண்டும் காணாமல் கைநீட்டுபவன்: இவர்கள் மேல் சட்டம் தன் முழு வலிமையோடு விழட்டும். விரியன் இருக்கிறதென்று சொன்னவனையும், கேட்டுத் திரும்பியவனையும், தீண்டுண்டவனைத் தூக்கி ஓடியவனையும் அது விட்டுவிடட்டும். ஊசி விஷயத்தில் 2017-ல் எழுதிய காப்பு வாசகத்தைப் போல, விஷத்தைச் சோதிப்பதற்கும் வரம்போடு ஒன்று எழுதப்படுமானால், மனச்சாட்சியுள்ள கிறிஸ்தவன் அதை எதிர்க்கக் காரணம் எதையும் நான் காணவில்லை.

இனி அந்தத் தாய்க்கு நான் தர வேண்டியிருந்த பதில். அவளை மறுபடி அழைத்துச் சொன்னேன். உங்கள் வீடுகளுக்கும் சொல்கிறேன்.

"அம்மா, உன் கையால் வாங்கி ஊற்றிக் கொடுக்காதே. அது மண்வெட்டியைக் கொடுப்பதற்கு வெகு கிட்டத்தில் வருகிறது. நாளைக்குப் பிள்ளைகளும் பார்த்துக் கற்கும். ஆனால் அப்படி நினைத்தாயே, அது பாவத்தின் ஆசை அல்ல. புருஷன் உயிரின் மேல் உனக்கிருந்த அன்பு. அதற்காக நான் உன்னை மிரட்டியிருக்கக் கூடாது. அவர் எங்கே குடிக்கிறார், என்ன குடிக்கிறார் என்று விசாரி. அதில் விஷம் கலக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அவரிடம் சொல், அவரோடு குடிப்பவர்களிடமும் சொல். எச்சரிப்பது உடந்தை அல்ல. வயிற்று வலி, வாந்தி, மூச்சுத் திணறல், கண் மங்கல், பனிமூட்டம் போலப் பார்வை: இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதே. உடனே 108-க்குச் சொல். என்ன குடித்தார் என்பதை மருத்துவரிடம் ஒளிக்காதே. போலீசுக்கு என்ன பதில் சொல்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நானும் கூட வருகிறேன். அவர் தெளிந்திருக்கும் ஒரு காலையில், குடியை விடும் சிகிச்சைக்கு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவோம்."

அவள் கேட்டுக்கொண்டாள். கணவன் இன்னும் முழுக்க விடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு தடவை சிகிச்சைக்குப் போனான், ஒரு தடவை பாதியில் திரும்பிவிட்டான். ஆனால் அவன் உயிரோடு இருக்கிறான். உயிரோடு இருப்பவனுக்கே மனந்திரும்ப நாள் உண்டு. செத்தவனுக்கு நாம் பூசை ஒப்புக்கொடுக்கலாம், புத்தி சொல்ல முடியாது.

அன்பர்களே, நம் தெருவில் ஒரு வீட்டில் இப்படி ஓர் இரவு நடக்கும்போது, அந்த வீட்டுக்காரி போலீசுக்குப் பயப்படுவாளோ என்னவோ. நமக்கும் நம் வாய்க்கும் பயந்து கதவைச் சாத்திக்கொள்ளும்படி நாம் நடந்துகொள்ளலாகாது. என் வீட்டுக் கதவை எந்நேரமும் தட்டலாம். உங்கள் வீட்டுக் கதவும் அப்படியே இருக்கட்டும்.

ஆண்டவரின் ஆசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக.

உங்கள் பங்குச் சாமியார்